வெளியே தொட்டால் மூட வேண்டும்

அவள் எதைக் கேட்டாலும், வேண்டாம் என்று சொல்வதற்கான வழியையும் சேர்த்தே கேட்பாள். "சார், சாயா குடிக்கலாமா, இல்ல வெயில் தாழ்ந்திட்டு மதியா?" "இந்த வாக்கை இப்பவே பார்க்கணுமா, நாளைக்குப் பார்த்தாலும் மதியா?" மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று பொருள், வாக்கு என்றால் சொல். எங்கள் ஊர்த் தமிழில் அவை எப்போதோ கலந்துவிட்டன. கேள்வியின் முதல் பாதியில் அவளுக்கு வேண்டியது இருக்கும். இரண்டாம் பாதியில் நமக்கு வசதியானது இருக்கும். இரண்டையும் ஒரே குரலில் சொல்வதால் அவள் எதை விரும்புகிறாள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள நானும் மெனக்கெட்டதில்லை. பெரும்பாலும் இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன்.

பழவங்காடியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கிற சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். மலையோரக் குடியிருப்புகளுக்கு நர்ஸும் ஜீப்பும் அனுப்புகிற ஒரு அறக்கட்டளை அது. போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஜீப் வருவதுபோல ஒரு செயலி செய்தார்கள். செய்தவள் அவள். மலையாளத்தில் மட்டும் இருந்த செயலியைத் தமிழிலும் கொண்டுவரலாம் என்று முடிவானபோது என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, ஸ்ரீவராகத்து வீட்டில் ஒரே செய்தித்தாளை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்த காலம். உடனே ஒப்புக்கொண்டேன். நான் சொல்லைச் சொல்வேன், எதிரே உட்கார்ந்து அவள் தட்டச்சு செய்வாள்.

அவள் மலைமேல் உள்ள போனக்காட்டுப் பெண். பெற்றோர் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பு மலையாளம். தமிழ் எழுத்துகளை நாகர்கோவில் பஸ்ஸின் பலகைகளைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஊணு கழிச்சீங்களா சார்?" என்று ஒரு நாள் கேட்டாள். சாப்பிட்டீர்களா என்பதை மலையாளத்தில் அப்படித்தான் கேட்பார்கள். "கழிக்கறதுன்னா எங்களுக்கு வேற அர்த்தம்மா" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாள் முதல் "சாப்பிட்டீங்களா" என்று மாற்றிக்கொண்டாள்.

சாப்பாடு என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மீன் கறி கொண்டுவரும் நாட்களில் டப்பாவைத் திறக்குமுன் என் மேசைக்கு வருவாள். "சார், நான் இங்க இருந்து சாப்பிடட்டா, இல்ல வராந்தாவுல இருந்துக்கட்டா?" முதல் தடவை கேட்டபோது நான் சொன்னது: "வராந்தாவில காத்து நன்னா வரும்." அங்கே காற்றும் வராது, நிழலும் கிடையாது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் காற்றைப் பற்றியே சொன்னேன்.

செயலியில் அவள் அதிகம் பாடுபட்டது, திரையின் நடுவே திடீரென்று எழும்பி எதையாவது கேட்கிற அந்தச் சின்னச் சதுரங்களுக்காகத்தான். டயலாக் என்றும் பாப்-அப் என்றும் மற்றவர்கள் சொல்வார்கள். அவள் பெட்டி என்பாள். போனிலேயே ஆயத்தமாக ஒரு பெட்டி உண்டு, எழுத்தை மட்டும் கொடுத்தால் அது தானே எழும்பும். அதை ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்டேன். போனை என் முன்னால் வைத்தாள். பெட்டியில் 'ஜீப் வேண்டுமா?' என்று கேள்வி இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'வேண்…' என்று இருந்தது. மற்றதிலும் 'வேண்…'.

"ஒண்ணு வேண்டும், இன்னொண்ணு வேண்டாம். எது எதுன்னு சார் சொல்லுங்க பார்ப்போம்."

"இடம் பத்தலையா?"

"இங்கிலீஷுக்கு வெட்டித் தைச்ச சட்டை சார் இது. நம்ம வாக்குக்கு வயிறு கொஞ்சம் பெரிசு."

அதனால் தன் பெட்டிகளைத் தானே செய்தாள். பொத்தான்களைப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். சொல் நீண்டால் பொத்தானும் நீளும். பொதுவாக 'ஆம்' என்பதற்கு அடர்ந்த நிறம் கொடுத்து, 'வேண்டாம்' என்பதைக் கண்ணில் படாமல் வெளுக்க வைப்பார்களாம். அவள் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே அளவு கொடுத்தாள். பெட்டிக்கு வெளியே எங்கே தொட்டாலும் அது மூடிக்கொள்ளும். "ஒண்ணும் பறய இஷ்டமில்லன்னா ஆளு சும்மா போகட்டுமே சார். போறவங்களைப் பிடிச்சு நிறுத்தவா முடியும்?" பறய என்றால் அவள் பேச்சில் சொல்ல.

இதற்காக நிர்வாகியோடு ஒரு தடவை தகராறு நடந்தது. நிர்வாகி பாளையங்கோட்டையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நல்ல மனிதர், அவசரக்காரர். செயலி பிடித்திருக்கிறதா என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் காட்டுகிற பெட்டி ஒன்று வேண்டும், நட்சத்திரம் போடாமல் அது மூடக் கூடாது என்றார்.

"அது பற்றாது சார்" என்றாள். முடியாது என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"ஏன் பற்றாது? எல்லாரும் வைக்கானுவல்லா?"

"ஜீப்பு கூப்பிட வந்த ஆளு சார். வாசல்ல நின்னுக்கிட்டு நான் அழகா இருக்கேனான்னு கேட்டா அவங்க எப்படி உள்ள வருவாங்க?"

"ஒனக்கு வாய் நீளந்தான்" என்றார் நிர்வாகி. ஆனால் அந்தப் பெட்டி வரவில்லை.

புதிதாக ஒரு பெட்டி செய்தால், கீழே இறங்கிப்போய் தேங்காய் விற்கிறவரிடமோ சாயாக்கடைக்காரரிடமோ போனைக் கொடுப்பாள். அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள், கட்டைவிரலைப் பார்ப்பாள். விரல் எங்கே நேராகப் போகிறது, எங்கே தயங்குகிறது. "மேல எழுதியிருக்கறதை யாரும் வாசிக்க மாட்டாங்க சார். பொத்தானைத்தான் வாசிப்பாங்க. மேல உள்ளது அழகுக்கு" என்பாள். மேலே உள்ளதை எழுதுகிறவன் நான். அவளுக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

ரேஞ்ச், அதாவது சிக்னல், இல்லாமல் செய்தி போகாவிட்டால் எழும்ப வேண்டிய பெட்டிக்கு ஒரு நாள் சொல் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைமேல் அதிகம் எழும்பப் போகிற பெட்டி அதுதான். மேலே எழுதுவதற்கு, 'தங்கள் வேண்டுகோள் சென்றடையவில்லை' என்று சொன்னேன். முதல் பொத்தானுக்கு 'மறுபடி'. இரண்டாவதற்கு அவள் 'மூடு' என்று வைத்திருந்தாள். முகத்தில் கதவைச் சாத்துவதுபோல இருக்கிறது, 'சரி' என்று போடு என்றேன். அதைப் போட்டாள். முதல் பொத்தானுக்கு வந்தபோது அவள் விரல் நின்றது.

"மறுபடியா சார்?"

"ஏன்?"

"மறுபடின்னா பதில் அல்லே?"

"அது மலையாளம். தமிழ்ல மறுபடின்னா மீண்டும், இன்னொரு தடவை. பொறந்ததுலேர்ந்து தமிழ் பேசறே, இது தெரியலையா உனக்கு?"

"எங்க லயத்துல திரும்பன்னுதான் பறயுவோம் சார்." தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். "மறுபடின்னா லெட்டருக்கு எழுதுற மறுபடி. 'திரும்ப அனுப்பு'ன்னு போடலாமா, இல்ல இதுதான்னா இதே மதியா?"

திரும்ப அனுப்பு என்றால், வந்ததைத் திருப்பி அனுப்பு என்றும் பொருள்படும் என்று விளக்கினேன். இலக்கணத்தோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போறேன் சார். ரெண்டு பேர்கிட்ட காட்டிட்டு வரட்டா, இல்ல வேண்டாமா?"

"அகராதியைக் காட்டு, போதும்" என்றேன். பிறகு, கேலியாக, அவள் சொல்லையே எடுத்து, "இதே மதி" என்றேன்.

தட்டச்சு செய்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு முற்பகலில் அவள் ஊர்க்காரர் ஒருவர் மாடியேறி வந்தார். அவளை 'மோளே', மகளே, என்று கூப்பிட்டார். போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நிர்வாகியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுக்காரி அடுப்பங்கரையில விழுந்து கெடந்தா சாரே. வாய் ஒரு பக்கமா போச்சு. நான் வழக்கமா ரேஞ்சு கிட்டுற பாறை மேல ஏறி நின்னு அமுக்கினேன். ஒரு பெட்டி வந்துச்சு."

"அதுல என்ன எழுதியிருந்தது?" என்று நிர்வாகி கேட்டார்.

"மேல என்னமோ பெரிசா எழுதியிருந்துச்சு. கண்ணாடி எடுக்க நேரம் ஏது? கீழ ஒண்ணுல மறுபடின்னு இருந்துச்சு, ஒண்ணுல சரின்னு இருந்துச்சு. நான்தானே சாரே ஜீப்பு கேட்டது? நான் எதுக்கு மறுபடி பறயணும்? அவங்கல்லே எனக்கு மறுபடி தரணும். அதுகொண்டு சரியை அமுக்கினேன். சரின்னா வரும்னுதானே?"

"ஜீப்பு வரலியே மோளே" என்றார் அவளைப் பார்த்து. குரலில் சண்டை இல்லை. ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். வரும் வரும் என்று மதியம் கழியும்வரை மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு மேலே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வேனில் கீழே கொண்டுவந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை எழும்பவில்லை, பேச்சு தெளியவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம். கொழுந்து கிள்ளிய கை என்று அவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

அவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவர் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள். நான் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நிர்வாகி எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அறக்கட்டளைக் கமிட்டியில் கேட்கிறார்கள் என்றார். "நான் ஒரு பேரு சொல்லியாகணும். அந்த வார்த்தையைப் போட்டவங்க இனிமே இங்க வேண்டாம்னுட்டாங்க. யாரு போட்டது?"

"பெட்டி என்னோடது சார்" என்றாள் அவள்.

"பெட்டி ஒன்னோடதுதான். அது எனக்குத் தெரியும். வார்த்தை யாரோடது?"

அவளுக்கு அது முதல் வேலை. அதை நம்பி நகரத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். எனக்கு அது ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு. இது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். அவள் என் பக்கம் திரும்பினாள். எப்போதும் கேட்கிற அதே குரலில், அதே அளவில் கேட்டாள்:

"எத்தனையோ வாக்கு பார்த்தோம். இது சாருக்கு ஓர்மை இருக்குதா, இல்ல ஓர்மை இல்லியா?"

"சரியா ஞாபகம் இல்லை" என்றேன்.

ஞாபகம் இருந்தது. அவள் விரல் நின்ற இடம், நான் அகராதியைப் பற்றிச் சொன்னது, எல்லாம் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தமிழ் வாத்தியார் போட்ட தமிழ்ச் சொல்லால் ஒரு பெண்பிள்ளையின் கை போயிற்று என்று தெருவில் பேசுவார்கள் என்று நினைத்தேன். பழைய மாணவர்கள் காதுக்கு எட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். நிர்வாகி என்னைச் சற்று நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். என் வயதைப் பார்த்து விட்டுவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வாரக் கடைசியில் அவள் போக வேண்டும் என்றாயிற்று. போவதற்குமுன் அந்தப் பெட்டியைத் திருத்தி முடித்தாள். கீழே போய்ச் சாயாக்கடைக்காரரின் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு போனை என் மேசையில் வைத்தாள். 'செய்தி போகல' என்று மேலே இருந்தது. முதல் பொத்தான் 'திரும்ப அனுப்பு'. இரண்டாவது 'மூடு'.

"இது மதியா சார், இல்ல வேற ஏதாவது வாக்கு உண்டா?"

என்னைக் குத்துவதற்காகக் கேட்டதல்ல. வேலையை முடிக்குமுன் தமிழ் பார்ப்பவரிடம் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு, அதனால் கேட்டாள். "மதி" என்றேன். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நானும் அதற்குப் பிறகு அதிக நாள் அங்கே போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லி நின்றுகொண்டேன். அதற்கும் யாரும் காரணம் கேட்கவில்லை.

இப்போது எழுபதைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. என் போனில் நாள் முழுவதும் பெட்டிகள் எழும்புகின்றன. அனுமதிக்கவா, புதுப்பிக்கவா, ஒப்புக்கொள்கிறீர்களா. எதையும் வாசிப்பதில்லை, கைக்கு அகப்பட்டதை அமுக்குகிறேன். சில பெட்டிகளில் மூடுகிற இடம் எங்கே என்றே தெரியாது. வெளியே தொட்டுப் பார்க்கிறேன், மூடுவதில்லை. அப்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வதோடு சரி. அதுவும் ஒரு சோம்பல்தான். மலைமேல் அந்த அம்மாள் இருக்கிறாளா, கை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. போனக்காட்டுக்குப் பஸ் இருக்கிறது.

சென்ற மாதம் நிர்வாகியைக் கோவில் வாசலில் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். தயங்கித் தயங்கி அவளுடைய எண்ணைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தார். கல்யாணமாகி நெடுமங்காட்டில் இருக்கிறாளாம். வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை செய்கிறாளாம். எண்ணை வைத்துக்கொண்டு பல நாள் சும்மா இருந்தேன். ஒரு நாள் காலை, சாப்பாட்டுக்கு முன்னால், கூப்பிட்டேன்.

குரலை உடனே கண்டுபிடித்துவிட்டாள். "சாரா? சுகமா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா." அதற்குமேல் சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை. "அந்த வார்த்தை நான் சொன்னது. மறுபடிங்கறது. நீ அப்பவே கேட்டே. காட்டிட்டு வரட்டான்னும் கேட்டே. நிர்வாகி ரூம்ல எனக்கு நன்னா ஞாபகம் இருந்தது. இல்லேன்னு சொன்னேன்."

எங்கள் ஊரில், பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு வருத்தம் சொன்னாலும், கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தம் சொன்னாலும், உடனே ஒரு சொல் வரும்: சாரமில்ல. பரவாயில்லை என்பதற்கு இங்கே தமிழரும் அதைத்தான் சொல்வார்கள். யோசித்துச் சொல்கிற சொல் அல்ல, தும்மல்போலத் தானாக வருவது. நான் அதற்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. அவள் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். ஒரு குழந்தை, "ஆராம்மே?" என்று கேட்டது.

"பண்டு அம்மாகூட வேலை பார்த்த சாரு" என்றாள். குழந்தை போய்விட்டது. அவள் மிக்ஸியைத் திரும்பப் போடவில்லை.

"உனக்கு வேலை இருந்தா அப்புறம் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"வேலை ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "பறயுங்க. கேக்கறேன்."